கிணற்று வாயில் இரண்டு சிலிப்பர் கட்டைகள்

"இந்தத் தண்ணியிலதான் பிள்ள நான் ஆப்பத்துக்கு மாக் கரைக்கிறன். நீங்க போய் பழுதெண்டு எழுதிப் போட்டா, நாளைக்கு என்ட ஆப்பத்த ஆரு வாங்குவா?"

அந்த அக்கா இப்படிக் கேட்டபோது நான் கையில் ஒரு வெறும் சோடாப் போத்தலுடன் அவவின் கிணற்றடியில் நின்று கொண்டிருந்தேன். என்னிடம் பதில் இருக்கவில்லை. தண்ணீர் பழுதா இல்லையா என்று தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நன்மை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்துகொள்வதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதும், அந்த விலையை முதலில் கொடுக்கப் போவது ஆப்பம் சுட்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு விதவைப் பெண் என்பதும் அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது.

ஏறாவூர்ப் பக்கத்தில், கோச்சிப் பாதையை ஒட்டிய ஒரு சிறு குடியிருப்பு அது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பெண்கள் கேட்டுக் கொண்டார்கள். அந்தக் காணி ரயில்வேக்குச் சொந்தமானது. முன்னொரு காலத்தில் அங்கே ஒரு பக்கத் தண்டவாளமும், சாமான் ஏற்றி இறக்கும் கொட்டகையும், பாதை வேலையாட்களின் லயமும் இருந்தன. யுத்தத்தில் அவை எல்லாம் அழிந்து போயின. பிறகு சில வருடங்கள் ஒரு முகாம் இருந்தது. 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்த பின்னர் முகாமும் எடுபட, போக இடமில்லாத குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து கொட்டில் போட்டன. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பெண்களே குடும்பத் தலைவர்கள். ஒருவரிடமும் உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. "தண்ணி கேட்கப் போய்க் காணியையும் விட்டிட்டு நிக்கிறதா?" என்ற பயம் அவர்களுடைய ஒவ்வொரு பேச்சிலும் இருந்தது. ஆகவே ஊர்ப் பெயர் வேண்டாம்.

விஷயம் தொடங்கியது ஒரு தை மாதத்தில். மாரி மழை விட்டு, கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற நாட்கள். சிறுசேமிப்புக் குழுவின் கூட்டத்துக்குப் போன எனக்கு அக்கா வெறுந்தேத்தண்ணி தந்தா. வாயில் வைத்தவுடன் ஒரு மணம். தார் போலவும், அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டை போலவும். நான் முகம் சுளித்ததை அவ கண்டுவிட்டா. "எங்களுக்குப் பழகிட்டு பிள்ள, மணக்கிறல்ல" என்று சொன்னா. கூட்டம் முடிந்து கிணற்றைப் பார்க்கப் போனேன். கட்டு இல்லாத மண் கிணறு. ஆள் நின்று அள்ளுவதற்காகக் கிணற்று வாயின் குறுக்கே இரண்டு கரிய மரக்கட்டைகள் போடப்பட்டிருந்தன. முகாம் எடுபட்ட பிறகு பங்கரில் இருந்து கழற்றி எடுத்த சிலிப்பர் கட்டைகள். மழையில் நனைந்து பளபளவென்று இருந்தன. ஒரு கட்டையின் ஓரத்தில் வெயில் பட்டு, கறுப்பாக ஏதோ கசிந்து வழிந்து, கிணற்றுச் சுவரில் இறங்கியிருந்தது.

அதே கட்டைகள் அந்த ஊரில் எங்கும் இருந்தன. வீட்டுக் கப்பாக, வாசற்படியாக, ஆட்டுக் கொட்டிலுக்கு அடியாக, பிள்ளைகள் இருந்து விளையாடும் வாங்காக. உடைந்தவை அடுப்புக்குப் போயின. "நல்லா நின்டு எரியும், ஒரு கட்டை போட்டா முழு ஆப்பமும் சுட்டிரலாம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். நின்று எரியும்தான். ஏன் எரிகிறது என்பதை நான் பிறகுதான் படித்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்குச் சமூகத்தைப் பற்றி நான்கு வருடம் படிப்பித்தார்கள், மண்ணைப் பற்றி ஒருவரும் படிப்பிக்கவில்லை.

சிலிப்பர் கட்டை சாதாரண மரம் அல்ல. மழையிலும் வெயிலிலும் பல வருடங்கள் உக்காமல், கறையான் அரிக்காமல் கிடப்பதற்காக அதனைக் கிறியோசோட் என்கின்ற எண்ணெயை ஏற்றிப் பதப்படுத்துவார்கள். நிலக்கரித் தாரை வடித்து எடுப்பது இந்த எண்ணெய். இதற்குள் நூற்றுக்கணக்கான இரசாயனப் பொருட்கள் உண்டு. பூச்சி உருண்டை செய்யும் நப்தலீன் அவற்றில் ஒன்று. பென்சோபைரீன் என்பது இன்னொன்று. இது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாகவே கூறுகின்றது. கிறியோசோட் எண்ணெயை "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது" என்ற வகையில் வைத்திருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் கொண்டுவந்த விதியின்படி பழைய சிலிப்பர் கட்டைகளை வீட்டுக்குள்ளோ, விளையாட்டு இடங்களிலோ, தோல் அடிக்கடி படும் இடத்திலோ பாவிக்கக் கூடாது. எங்களுடைய பிள்ளைகள் அதில் இருந்து சோறு தின்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, அதனால் தெரியவில்லை. இதில் தாய்மாரைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

கட்டை மட்டும் என்றால் தூக்கி அப்பால் போட்டுவிட்டு வந்திருப்போம். ஆனால் கட்டையே இல்லாத இன்னொரு கிணற்றிலும் மினுமினுப்பான படலம் மிதப்பதாகச் சொன்னார்கள். அப்படியானால் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது?

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அன்று நிலக்கரியில் ஓடிய நீராவி இயந்திரங்கள். நிலக்கரிச் சாம்பலுக்குள் ஆசனிக் போன்ற நச்சுப் பொருட்கள் இருக்கும். அதனைப் பாதையோரத்திலேயே கொட்டுவது உலகம் முழுவதும் வழக்கமாக இருந்தது. 1950களில் இலங்கைக்கு டீசல் இயந்திரங்கள் அதிகமாக வரத் தொடங்கின. டீசல், கழிவெண்ணெய், கிறீஸ் என்பன சிந்தத் தொடங்கின. வண்டி விளக்குகளுக்கும் சமிக்ஞைகளுக்கும் பாவித்த பற்றரிகளுக்குள் ஈயம் இருந்தது. இவற்றோடு, சிலிப்பர் கட்டைகளை அடுக்கி வைத்த இடமெல்லாம் தார் எண்ணெய் வடிந்தது. இது எங்கள் ஊர் ரயில்வே செய்த தனிப்பட்ட பிழை என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நாட்டிலும் பழைய ரயில் காணி என்றால் முதலில் மண்ணைப் பரிசோதித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இனி எங்கள் மண்ணைப் பற்றி. கரையோரத்து மணலில் நாங்கள் ஆழமாகத் தோண்டுவதில்லை. மணலுக்குள் ஒரு பூவல் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அது மழையால் வந்த நல்ல தண்ணீர். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருப்பதால் அதற்குக் கீழே உவர்த் தண்ணீர் கிடக்கின்றது. அதற்கு மேலே மெல்லிய படையாக நல்ல தண்ணீர் மிதக்கின்றது. மணலில் விழுந்தது எதுவானாலும் வேகமாகக் கீழே இறங்கும். தடுக்கப் பாறையும் இல்லை, களியும் குறைவு. டீசல் தண்ணீரை விட இலேசானது, மேலே மிதக்கும், கண்ணுக்குத் தெரியும். கிறியோசோட் தண்ணீரை விடப் பாரமானது. அது அடியில் போய்ப் படுத்துக் கொண்டு, பத்து இருபது வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொண்டே இருக்கும். ஆகவே மேல் தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து நல்ல கிணறு என்று சொல்லிவிட முடியாது. "ஆவணியில வாளி அடியில முட்டக்குள்ளதான் மணம் கூட" என்று அக்கா ஒருமுறை சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எந்த இடத்தில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இதில்தான் நாங்கள் முட்டிக்கொண்டோம். இப்போது இருப்பவர்கள் 2007க்குப் பிறகு வந்தவர்கள். முகாம் இருந்த காலத்தில் உள்ளே போய்ப் பார்த்தவர் இல்லை. அதற்கு முந்திய காலத்தை அறிந்தவர்கள் 1990இல் சிதறிப் போனார்கள். அந்த வருடம் ஓகஸ்ட் மாதத்தில் ஏறாவூரில் முஸ்லிம் மக்களுக்கு நடந்ததையும், அடுத்தடுத்த வாரங்களில் சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்களுக்கு நடந்ததையும் இங்கே எழுதப் போவதில்லை. இதை வாசிக்கும் நீங்கள் என்னைவிட அதனை அறிவீர்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஊர் பிரிந்தபோது அந்தக் காணியின் கதையும் இரண்டாகப் பிரிந்து போய்விட்டது.

ஒரு பாதியை நாங்கள் பக்கத்துக் கிராமத்தில் கண்டுபிடித்தோம். எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. அவவின் கணவர் பாதை திருத்தும் கேங்கில் வேலை செய்தவர். லயத்தில் அவ பதினொரு வருடம் குடியிருந்திருக்கிறா. மற்றப் பாதி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஏறாவூரைச் சேர்ந்த ஒரு ராத்தா. அவவின் வாப்பா கூட்ஸ் வண்டியில் நெல் அனுப்பிய வியாபாரி. சின்னப் பிள்ளையாக வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு அந்தக் கொட்டகைக்கு அடிக்கடி போயிருக்கிறா.

இருவரையும் ஒரே பாயில் இருத்துவதற்கு எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. ராத்தாவின் மகன்மார் விரும்பவில்லை. அம்மாவும் முதலில், "அவங்க என்னத்த நினைப்பாங்களோ" என்று தயங்கினா. கடைசியில் பாலர் பாடசாலைத் திண்ணையில் கூடினோம். நிலத்தில் கயிற்றைப் போட்டு அதனைத் தண்டவாளமாக்கினோம். புளியங்கொட்டைகளைக் கிணறுகளாக வைத்தோம். சிரட்டையைக் கொட்டகையாக வைத்தோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ராத்தா கையை நீட்டிச் சிரட்டையை ஒரு முழம் தள்ளி வைத்தா. "இஞ்ச இல்ல மகள். பெரிய வாகை மரத்துக்கு அங்கால." அம்மா உடனே, "ஓம், ஓம், வாகை! அதுக்குக் கீழதான் எண்ணெய்ப் பீப்பா உருட்டி வைப்பாங்க" என்றா. அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. இரண்டு பேரும் போட்டி போட்டுக் கொண்டு கொட்டைகளையும் சிரட்டைகளையும் நகர்த்தினார்கள். சிலிப்பர் கட்டை அடுக்கிய இடம், பழைய எண்ணெயை ஊற்றிய கிடங்கு, சாம்பல் கொட்டிய மேடு எல்லாம் வந்தன. நடுவில் அந்த வாகை மரத்தில் ஊஞ்சல் கட்டிய ஒரு சிறுமியைப் பற்றிய பேச்சும் வந்தது. அந்தச் சிறுமி அம்மாவின் மூத்த மகள். அவ இப்போது இல்லை. ராத்தா அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டு இருந்தா. நான் கொப்பியை மூடிவிட்டேன்.

படம் முடிந்தபோது எண்ணெய்க் கிடங்கு இருந்த இடத்துக்கும் வாவிச் சரிவுக்கும் இடையில் மூன்று புளியங்கொட்டைகள் கிடந்தன. அதில் ஒன்று அக்காவின் கிணறு.

அடுத்தது படலம். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் மினுங்குவதெல்லாம் எண்ணெய் அல்ல. எங்கள் பகுதியில் பல கிணறுகளில் இரும்புச் சத்து அதிகம். இரும்பைத் தின்று வாழும் ஒருவகைக் கிருமி தண்ணீரின் மேல் அதே போன்ற படலத்தை உண்டாக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு ஈர்க்கு போதும். ஈர்க்கால் படலத்தைக் கீறிப் பாருங்கள். கண்ணாடி உடைவது போலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் இரும்பு. சுழன்று திரும்ப ஒன்றாகச் சேர்ந்து கொண்டால் எண்ணெய் என்று சந்தேகிக்க வேண்டும். பிள்ளைகளும் பெண்களுமாக ஊர்க் கிணறு எல்லாம் ஈர்க்கோடு திரிந்தோம். பெரும்பாலானவை உடைந்தன. உடையாமல் சேர்ந்தது இரண்டு கிணற்றில். இரண்டும் அந்த மூன்றுக்குள் இருந்தவை. மூன்றாவதில், அதாவது அக்காவின் கிணற்றில், படலமே இல்லை. மணம் மட்டும்தான்.

ஈர்க்கு சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் விடாமல் இருப்பதற்காக. சோடா வாங்கிக் குடித்த பிளாஸ்ரிக் போத்தலைக் கழுவி அதில் தண்ணீர் பிடித்துக் கொண்டு போனேன். எண்ணெய் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக் கொள்ளும், இது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுத்தமான கண்ணாடிப் போத்தலில், அதுவும் ஆய்வுகூடம் தருகின்ற போத்தலில், கிணற்றுத் தண்ணீரால் அலசாமல் நேரடியாகப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், எதைப் பார்க்க வேண்டும் என்று நாங்களே கேட்க வேண்டும். வழமையாகக் கிணற்றுத் தண்ணீரில் கிருமி, உவர், இரும்பு போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். அதில் "நல்லது" என்று வந்தால் எண்ணெய் இல்லை என்று அர்த்தம் அல்ல. எண்ணெய் அங்கே தேடப்படவே இல்லை. எண்ணெயும் கிறீசும், ஈயம், தாரில் வரும் பொருட்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஈயத்துக்கு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் எல்லை ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். எந்தக் கண்ணுக்கும் நாக்குக்கும் அது தெரியாது.

முடிவு வருவதற்கு இடையில் பெண்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. "இவ்வளவு நாள் குடிச்சம், ஒருத்தரும் சாகல்லத்தானே" என்றார்கள் சிலர். "கந்தோருக்குப் போனா ரயில்வேக்காரன் வந்து எழுப்பிப் போடுவான்" என்றார்கள் வேறு சிலர். அந்தக் கூட்டத்தில் நான் சுன்னாகத்தின் கதையைச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஆறு இல்லை, குளத்துத் தண்ணீரும் குடிக்க இல்லை. எல்லோருக்கும் கிணறுதான். அங்கே மின்சார நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறைப்பாடு செய்து வந்தார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பரில் இருந்து 2014 ஜூலை வரை 150 கிணறுகளைப் பரிசோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அளவுக்கு மிஞ்சி இருந்தன. மறுபக்கத்தில், வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு பயப்படும்படி இல்லை என்ற விதமாகக் கூறியது. எதை நம்புவது என்று தெரியாமல் தாய்மார் பவுசருக்குக் குடத்துடன் நின்றார்கள். வீதிக்கும் இறங்கினார்கள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் அங்கிருந்த தனியார் மின் உற்பத்தியை நிறுத்த உத்தரவிட்டது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்ற அடிப்படையில் அந்த நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று கூறப்பட்டது. 1.5 கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த கிணற்றுக்காரர்களில் 500 பேர் வரை ஆளுக்கு 40,000 ரூபா வரை பெறலாம். கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் கடமையில் தவறியதையும் நீதிமன்றம் சுட்டிக் காட்டியது. 40,000 ரூபாவுக்கு ஒரு கிணற்றை மீட்டுவிட முடியுமா என்பது வேறு கதை. ஆனால் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடும்பத்தின் தனித் தலைவிதி அல்ல, அதற்குப் பொறுப்பாளி உண்டு என்பது இந்த நாட்டில் எழுத்தில் வந்துவிட்டது.

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. வெலிவேரிய, ரத்துபஸ்வலப் பக்கத்தில் சுத்தமான தண்ணீர் கேட்டு வீதியில் நின்ற மக்கள் மீது 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி இராணுவம் சுட்டதில் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொன்னேன். பயப்படுகிறவர்களிடம் பயத்துக்குக் காரணமே இல்லை என்று பொய் சொல்லிக் கூட்டிப் போக எனக்கு விருப்பமில்லை.

அம்மா கேட்டா, "வெளிநாட்டில கோச்சிப் பாதை இல்லையா, அங்க இப்பிடி வாறதில்லையா?" வருகின்றது. அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் ஐந்தாம் வட்டாரம் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்கள் அதிகமாக வாழ்வது. அங்கே 1911 தொடக்கம் 1984 வரை ரயில்வேக்குச் சிலிப்பர் கட்டைகளைக் கிறியோசோட்டில் பதப்படுத்தினார்கள். எண்ணெய் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரோடு நகர்ந்து, அயல் வீடுகளுக்குக் கீழே போய்விட்டது. அங்குள்ள பெண்கள் வீடு வீடாகப் போய் யார் யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டு எழுதினார்கள். 2019இல் டெக்சாஸ் மாநில சுகாதாரத் திணைக்களமே அந்தப் பகுதியில் சில புற்றுநோய்கள் எதிர்பார்க்கக் கூடிய அளவைவிட அதிகம் என்று ஒப்புக் கொண்டது. வேலை மூடி 35 வருடத்துக்குப் பிறகு! அங்கே முழுத் தொழிற்சாலை, இங்கே ஒரு சிறு கிடங்கு. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. வீடு வீடாகக் கேட்டு எழுதியதைத்தான் சொன்னேன்.

முடிவு வந்தது. கிடங்குக்குக் கீழே இருந்த மூன்று கிணறுகளிலும் எண்ணெய் இருந்தது, அக்காவினது உட்பட. மற்றவற்றில் எண்ணெய் இல்லை, ஈயம் எல்லைக்குள் இருந்தது. ஆனால் அநேகமாக எல்லாக் கிணற்றிலும் மலக்கிருமி இருந்தது. சின்னக் காணிக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் கிட்டக் கிட்ட. 50 அடி தூரம் விட வேண்டும் என்று பீ.எச்.ஐ. சொல்லுவார், 50 அடிக்கு எங்கே காணி? எண்ணெயைத் தேடிப் போன எங்களுக்கு இது வெட்கமாகவும் இருந்தது. ஊரில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வந்ததற்கு ரயில்வே காரணம் இல்லை. கிருமிக்குக் கொதிக்க வைப்பது மருந்து. அதே கொதிக்க வைப்பதால் எண்ணெயோ ஈயமோ போகாது, தண்ணீர் வற்ற வற்ற ஈயம் செறிவாகத்தான் வரும். ஒரே ஊரில் சில வீட்டுக்குக் "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்றும், மூன்று வீட்டுக்குக் "கொதிக்க வைத்தாலும் குடிக்க வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கப்படுத்த ஒரு கிழமை போனது.

"மிசின் போட்டு இறைச்சு ஊத்தினா சுத்தமாகிரும்தானே?" என்று எல்லோரும் கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரம் எல்லாம் அப்படித்தான் செய்தோம். உப்பாகிப் போன கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தோம். மேலே இருந்த நல்ல தண்ணீர் போக, கீழே கிடந்த உவர் ஏறி வந்து சில கிணறுகள் இன்னும் மோசமாகின. மாரி மழைதான் மெதுவாக அவற்றைத் திருத்தியது. எண்ணெய்க் கிணற்றிலும் கண்டபாட்டுக்கு இறைத்தால் கிடங்குப் பக்கத்து எண்ணெயை இன்னும் கிட்ட இழுப்போம். இறைத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது? அடுத்த வீட்டு வளவுக்குள்ளா? அந்த மூன்று கிணற்றையும் பலகை போட்டு மூடினோம்.

கட்டைகளைக் கிணற்று வாயில் இருந்து எடுத்தோம். அடுப்பில் வைப்பதை நிறுத்தினோம், அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது, விறகு விற்கிற விலைக்கு. அந்தக் கட்டை எரித்த சாம்பலால் சட்டி தேய்க்க வேண்டாம், கீரைப் பாத்திக்குப் போட வேண்டாம் என்றும் பேசிக் கொண்டோம். ஏற்கனவே எரித்த வருடங்களைப் பற்றி ஒரு தங்கச்சி கேட்டா. "இனி நிப்பாட்டினா நல்லதுதானே அக்கா?" ஓம், நல்லது என்றேன். அதற்குமேல் சொல்வதற்கு நான் வைத்தியர் இல்லை. இருமலும் தோல் கடியும் உள்ளவர்களைக் கூட்டிக் கொண்டு கிளினிக்குக்குப் போனோம். எந்தத் தண்ணீர், எந்த விறகு என்பதையும் வைத்தியரிடம் சொல்லச் சொன்னோம்.

கடிதம் எழுதுவது பற்றிக் கடைசி வரை இழுபறி. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் ஏறாவூர் வரை வருகிறது. ஆனால் இணைப்புக் கேட்டால் காணிக் கடதாசி கேட்பார்கள். நல்ல கிணறு உள்ளவர்களுக்குக் கடதாசியும் இருக்கிறது, குழாயும் இருக்கிறது. கிணறு கெட்டவர்களுக்கு இரண்டும் இல்லை. தனித்தனிப் பெயர் போடாமல், பாலர் பாடசாலையின் பெயரிலும் மாதர் சங்கத்தின் பெயரிலும் பொதுக் குழாய் ஒன்று கேட்பதென்று முடிவாகியது. காணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தண்ணீரைப் பற்றி மட்டும், ஆய்வுகூட முடிவின் பிரதியோடு. கடிதத்தில் முதலாவது கையெழுத்து ராத்தாவினது. அவவுக்கு உறுதி உள்ள காணி, யாரும் எழுப்ப முடியாது, அதனால் தானே முதல் போடுவதாகச் சொன்னா. மகன்மாரிடம் கேட்டாவா என்று நான் கேட்கவில்லை.

அந்தக் காணியில் என்னென்ன வைக்கப்பட்டிருந்தன என்று கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் போட்டோம். இச்சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இது நம் பெண்களுக்குப் புதிதாக இருந்தது. கந்தோரில் காரணம் சொல்லாமல் ஒன்றைக் கேட்கலாம் என்று அவர்கள் நம்பவே நேரம் எடுத்தது. பழைய பதிவுகள் இல்லை என்று பதில் வந்தது. திண்ணையில் போட்ட புளியங்கொட்டைப் படத்தை நான் கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அந்தக் காணியின் பதிவு அதுதான்.

பொதுக் குழாய் இன்னும் வரவில்லை. பாலர் பாடசாலை வளவில் ஒரு தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் வருகிறது. பவுசர் பிந்துகிற நாட்களில் அக்கா விடியற் காலையில் தண்டவாளத்தைக் கடந்து ராத்தாவின் கிணற்றில் இரண்டு குடம் கொண்டு வருகிறா. முதல் கிழமைகளில் ஆப்பம் பாதி மீந்ததாம். பிறகு அவவே வாடிக்கைக்காரரிடம், "இது ராத்தாட கிணத்துத் தண்ணி, விறகும் தென்னம் மட்டை" என்று சொல்லி விற்கத் தொடங்கிவிட்டா. ஏறாவூர்ப் பக்கத்தில் இருந்தும் இப்போது சிலர் வாங்குகிறார்களாம்.

சிலிப்பர் கட்டைகளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, வாவியில் போடக் கூடாது. பிரதேச சபையில் கேட்டால் குப்பையோடு ஏற்ற முடியாது என்கிறார்கள். ரயில்வேக்குச் சொந்தமான சாமான் என்று கொண்டுபோய்க் கொடுக்கப் போனால், அது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்பார்களோ என்ற பயம். பாதையோரமாக, கிணறுகளுக்கு எட்டத்தில், மழை படாமல் தறப்பாள் போட்டு மூடி அடுக்கி வைத்திருக்கிறோம். கிணற்று வாயில் கிடந்த இரண்டும் அடியில் இருக்கின்றன.